பத்தாண்டு படித்தும் நாவில் வராத மொழி

பள்ளிகள் திறக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம் பங்கு இல்லத்தை நாடி வரும் பெற்றோர் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் இங்கிலீஷ் நன்றாக வரும்?" கேட்பவர்களுள் கொத்தனார் உண்டு, செவிலியர் உண்டு, கடலுக்குச் செல்பவரும் உண்டு. இதனை வெறும் ஆடம்பர ஆசை என்று தள்ளிவிடுவோர் இருக்கின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் நன்கு பயின்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்ற ஒரு சிறுமி, கல்லூரியின் முதல் வகுப்பில் விரிவுரையாளர் பேசும் ஆங்கிலம் விளங்காமல் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்க நேர்வது சிறிய துன்பமன்று. அறிவில் குறைவில்லாத அவள் அறிவிலியைப் போல் நடத்தப்படுகிறாள். அவளுடைய பெற்றோர் நகையை அடகு வைத்தேனும் அவள் தம்பியை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கத் துணிவது இதனாலேயே.

ஆயினும், அந்தச் சிறுமி ஆங்கிலம் படிக்காதவள் அல்லள். பத்தாண்டுகளுக்குக் குறையாமல் படித்திருக்கிறாள். பாடப்புத்தக வினாக்களுக்கு விடை எழுதியிருக்கிறாள், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றியிருக்கிறாள், தேர்விலும் தேறியிருக்கிறாள். அவ்வளவும் செய்தும் மொழி நாவில் வரவில்லை. தன் வீட்டுத் தமிழையோ, அவள் இலக்கணமும் தேர்வும் இன்னவென்றே அறியாத மூன்று வயதில் தங்குதடையின்றிப் பேசினாள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

தாய்மொழிக்கு அடுத்ததாக ஒருவர் கற்கும் மொழியை அறிஞர்கள் இரண்டாம் மொழி என்பர். அதனை மனிதர் எவ்வாறு கற்கின்றனர், அதனை எவ்வாறு கற்பிப்பது என்று ஆராய்வது பயன்பாட்டு மொழியியல் என்னும் துறையின் முதன்மையான பணி. இத்துறை நூல்களில் இன்றளவும் உலகெங்கும் எடுத்துப் பேசப்படும் ஆய்வுகளுள் ஒன்று, வெள்ளையர் நாட்டு ஆய்வுக்கூடம் எதிலும் நடைபெறவில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் நம் கடலூரிலும் உள்ள பள்ளி வகுப்பறைகளில் நடைபெற்றது. நம் குடும்பங்களில் பலர் இதனை அறிந்திருக்கமாட்டார்கள். ஆதலின் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

புத்தகத்தைத் தூக்கிக் காட்டிய காலம்

நம் தாத்தாக்கள் ஆங்கிலம் பயின்ற முறை இலக்கண விதிகளை மனப்பாடம் செய்வதும், வரிக்கு வரி மொழிபெயர்ப்பதுமாக இருந்தது. 1950களில் அதற்கு மாற்றாக வாக்கிய அமைப்பு முறை நம் மாநிலத்தில் வேரூன்றியது. ஆங்கில வாக்கியங்களின் அமைப்புகளை எளியது முதல் கடியது வரை வரிசைப்படுத்தி, ஒன்று நன்றாகப் படிந்த பின்னரே அடுத்ததைக் கற்பிப்பது இம்முறை. இதற்காக ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1960ஆம் ஆண்டையொட்டி இங்கு நடைபெற்ற முயற்சி மிகப் பெரியது. ஒருவர் கற்றுப் பலருக்குக் கற்பிக்க, அவர்கள் ஒவ்வொருவரும் மேலும் பலருக்குக் கற்பிக்க, உருளும் பனிக்கட்டி பருப்பதுபோல் இது பெருகவேண்டும் என்பது திட்டம். ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேரை எட்டுவது நோக்கமாக இருந்தது. பனியே பாராத சென்னையின் பெயரால் அதனை 'மதராஸ் பனிப்பந்து' என்று ஆங்கில ஏடுகள் அழைத்தன!

அம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. ஒழுங்கு இருந்தது. ஆசிரியருக்கு இன்று எதைக் கற்பிக்கவேண்டும் என்பதில் தெளிவு இருந்தது. மனப்பாடத்தில் மூழ்கியிருந்த வகுப்பறையில் பேச்சொலி கேட்கத் தொடங்கியது. ஆனால் பேசப்பட்டது என்ன? ஆசிரியர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் எ புக்" என்பார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வர். பின்னர்ப் பேனாவைக் காட்டுவார். அது பேனா என்பதில் அங்கே ஒருவருக்கும் ஐயமில்லை. எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிவதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவை வாழ்க்கையில் எவருக்கும் ஏற்படுவதில்லை. வாய் அசைந்தது, மனத்திற்கு வேலையில்லை.

என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் அக்காலத்தில் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விக்குப் பொறுப்பான அலுவலராகப் பணியாற்றிவந்தார். வகுப்பில் பிழையின்றிச் சொல்லப்பட்ட வாக்கிய அமைப்புகள், வகுப்புக்கு வெளியே தேவை எழும்போது மாணவர்க்குக் கைகொடுப்பதில்லை என்பது அவரையும் அவரோடு இருந்த ஆசிரியர் சிலரையும் உறுத்தியது. வரிசையை மாற்றிப் பார்ப்பதா, பயிற்சியைக் கூட்டுவதா என்றே மற்றவர்கள் சிந்தித்துக்கொண்டிருக்க, அவர் வேறு வழியில் சிந்தித்தார். மொழியின் அமைப்பைக் கற்பிக்கவே வேண்டா. பிள்ளையின் மனம் முழுதும் ஒரு பொருளை அறிந்துகொள்வதில் ஈடுபட்டிருக்கும்போது, அதற்குக் கருவியாக நிற்கும் மொழியின் அமைப்பு அவன் அறியாமலேயே உள்ளே உருவாகிவிடும் என்பது அவர் கொண்ட கருத்து. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்ப்பவருக்கு எதிரே உள்ளது எதுவும் தெரியாது. அணிந்துகொண்டு பார்க்கும்போது கண்ணாடி இருப்பதையே மறந்துவிடுகிறோம். மொழியும் அத்தகையதே என்றார் போலும் எனக் கொள்ளலாம், இவ்வுவமை நம்முடையது.

கருத்துக் கூறுவது எளிது. அதனை நம் நாட்டு வகுப்பறையில், அதுவும் ஆங்கிலச் சொல் ஒன்றும் காதில் விழாத தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்ப்பது எளிதன்று. பெங்களூரில் இருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் துணைநிற்க, 1979இல் தொடங்கி 1984 வரை அச்சோதனை நடைபெற்றது. வெவ்வேறு பள்ளிகளில் 8 வகுப்புகள். 8 முதல் 15 வயது வரையுள்ள மாணவர். சில வகுப்புகளில் ஓராண்டு, சிலவற்றில் மூன்றாண்டு வரை. பெங்களூர்த் திட்டம் என்னும் பெயரே இன்று நிலைத்துவிட்டது. கடலூருக்கு அப்பெயரில் இடம் கிடைக்காமற்போனதில் நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

இரயில் வண்டியும் இங்கிலீஷும்

அவ்வகுப்பில் என்ன நடந்தது? பாடப்புத்தகம் இல்லை. இன்று இறந்தகாலம், நாளை எதிர்காலம் என்னும் இலக்கண வரிசையும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் ஒரு பணி தரப்பட்டது. நிலப்படத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தல், நாட்காட்டியைக் கொண்டு கிழமையைக் கணக்கிடல், கடைப்பொருள்களின் விலையைக் கூட்டுதல், சொன்னபடி உருவங்களை வரைதல், வகுப்புகளின் கால அட்டவணையை ஒப்பிடுதல், இரயில் வண்டிகளின் நேரத்தைப் பார்த்துப் பயணம் திட்டமிடுதல் என இவை பலவகைப்பட்டன.

இரயில் பணியை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நேரங்களை நாமே அமைத்துக்கொள்கிறோம். காலை 7.30க்குச் சென்னையில் புறப்படும் வண்டி 9.20க்குக் காட்பாடியை அடைந்து, 9.22க்குப் புறப்பட்டு, 1 மணிக்குப் பெங்களூர் சேருகிறது. 11 மணிக்குப் புறப்படும் மற்றொரு வண்டி மாலை 4.45க்கே சேருகிறது. ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் வினவத் தொடங்குவார். முதல் வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? பெங்களூர் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது? ஒருவர் 9.25க்குக் காட்பாடி நிலையத்துக்கு வந்தால் அந்த வண்டியைப் பிடிக்க முடியுமா? பிற்பகல் 3 மணிக்குப் பெங்களூரில் இருக்கவேண்டியவர் எந்த வண்டியில் ஏறவேண்டும்? ஏன்?

ஒரு சிறுவன் எழுந்து, "நோ, ட்ரெயின் கோ" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பழைய வகுப்பில் அவன் பிழைக்காக நிறுத்தப்பட்டிருப்பான். இவ்வகுப்பில் ஆசிரியர், ஆம், சரிதான், வண்டி மூன்று நிமிடத்துக்கு முன்னரே போய்விட்டது என்று அதனையே திருந்திய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வார். மழலை பேசும் குழந்தை "அப்பா வந்துச்சு" என்றால், "ஆமாம், அப்பா வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கும் தாயும் இதையே செய்கிறாள். அவள் பாடம் நடத்துவதாக எண்ணுவதில்லை. குழந்தையும் திருத்தப்பட்டதாக எண்ணுவதில்லை.

இவ்வாறு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பணியை முடித்த பின்னர், அதே போன்ற மற்றொன்றை ஒவ்வொரு மாணவரும் தனியே செய்யவேண்டும். தாளை ஆசிரியர் திருத்தி மதிப்பெண் இடுவார். மதிப்பெண் எதற்கு என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. சரியான வண்டியைக் கண்டுபிடித்தவனுக்கு மதிப்பெண் உண்டு, அவன் ஆங்கிலம் நொண்டினாலும். அழகிய வாக்கியத்தில் தவறான வண்டியை எழுதியவனுக்கு இல்லை.

பணியின் கடுமையை அளப்பதற்கு அவர்கள் கையாண்ட அளவுகோல் நம்மைக் கவர்ந்தது. வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர், பணியில் பாதியளவேனும் சரியாகச் செய்திருந்தால் அது தக்க பணி. எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் அது மிக எளியது. மனம் அதற்கு வளைந்து கொடுக்கவேண்டியதில்லை. ஒருவரும் செய்யாவிட்டால் அது வீண். பாதி வழியில் நிற்கும் பிள்ளைதான் எட்டிப் பிடிக்கிறது.

பணிகளை அவர்கள் மூவகையாகப் பிரித்தனர். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர் கேட்டறிவது ஒருவகை. தரப்பட்ட செய்திகளிலிருந்து தரப்படாத ஒன்றை ஆய்ந்து காண்பது இரண்டாவது. தன் விருப்பையோ கருத்தையோ வெளியிடுவது மூன்றாவது. இவற்றுள் இரண்டாம் வகையே பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றதாகக் காணப்பட்டது. கருத்துக் கூறச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குச் சரி, தவறு என்னும் பிடிமானம் இல்லை. கணக்கிட்டுக் காணும் வினாவுக்கோ உறுதியான விடை உண்டு. விடை தெரிந்துவிட்டால், அதைச் சொல்லாமல் அடக்கிவைப்பதே பிள்ளைக்குக் கடினம்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துத் தமக்குள் ஆங்கிலத்தில் பேசவிடுவது நவீன முறை என்று பல இடங்களில் புகழப்படுகிறது. பிரபு அதனை இத்திட்டத்தில் சேர்க்கவில்லை. அரைகுறை மொழி பேசுவோர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் அந்த அரைகுறையே உறைந்துவிடும் என்று அஞ்சினார். நல்ல ஆங்கிலம் வரக்கூடிய ஒரே ஊற்று அவ்வகுப்பில் ஆசிரியர்தான். அவ்வூற்று நிறைய ஓடவேண்டும், பிள்ளை முதலில் கேட்டு விளங்கிக்கொள்ளவேண்டும், பேச்சு தன் காலத்தில் வரும் என்பது அவர் முடிபு. ஒரு சொல்லாலோ, கோடு வரைந்து காட்டியோ விடை தந்தாலும் அது விடையே.

அளந்து பார்த்தபோது

திட்டத்தை நடத்தியவர்களே அதனைப் புகழ்ந்துகொண்டால் நாம் நம்பவேண்டியதில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகிய இருவர் இதனை வெளியிலிருந்து மதிப்பிட்டு 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். நான்கு பள்ளிகளில், திட்ட வகுப்பையும் பழைய முறையில் பயின்ற வகுப்பையும் பலவகைத் தேர்வுகளால் ஒப்பிட்டனர். வாக்கிய அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறை மாணவர் முந்தினர். பணி வடிவில் அமைந்த தேர்வில் திட்ட மாணவர் முந்தினர். இதில் வியப்பில்லை. அவரவர் பயின்றதை அவரவர் நன்றாகச் செய்தனர். இரு சாராருக்கும் பொதுவாக அமைந்த தேர்வுகளில், சொல்வதை எழுதுதல், கேட்டும் படித்தும் விளங்கிக்கொள்ளுதல் போன்றவற்றில், நிலைமை பெரும்பாலும் திட்டத்துக்குச் சாதகமாக இருந்தது. இலக்கணமே கற்பிக்கப்படாத பிள்ளைகள் இலக்கணத்தில் முற்றிலும் பின்தங்கிவிடவில்லை என்பதே இதில் பெரிய செய்தி.

அறிஞர் இருவரும் எச்சரிக்கையோடே பேசினர். மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். திட்ட வகுப்புகளில் கற்பித்தோர் பலர் ஆர்வத்தோடு முன்வந்தவர்கள், ஆங்கிலத்தில் வல்லவர்கள். வெற்றி முறையினால் வந்ததா, மனிதர்களால் வந்ததா என்று பிரித்துக் காண்பது அரிது. பெரெட்டாவே 1990இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுள் பெரும்பாலோர் இம்முறையை உள்வாங்கிக்கொள்ள இயலாமல் தடுமாறினர் என்று கண்டார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. புத்தகத்தில் அச்சிட்ட வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குச் சிறிதளவு ஆங்கிலம் போதும். ஒரு சிறுமி எதிர்பாராத விடை கூறும்போது அதனை ஏற்றுத் திருந்திய மொழியில் பதிலுரைக்க, ஆங்கிலம் அவர் கைக்குள் இருக்கவேண்டும். நம் நாட்டின் எத்தனை கிராமப் பள்ளிகளில் அத்தகைய ஆசிரியரை நாம் அமர்த்தியிருக்கிறோம்? குறை ஆசிரியருடையது என்று எவரும் கூறிவிடவேண்டா. அவரும் அதே முறையில் பயின்று வந்த பிள்ளைதானே.

பொருளில் கவனம் மட்டும் இருந்தால் மொழி முழுமையாக வந்துவிடுமா என்பது வேறு கேள்வி. இதற்கு விடை கனடாவிலிருந்து வந்தது. அங்கு மாண்ட்ரியல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகள் பிரெஞ்சு கற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதன்பேரில், 1965இல் பாடங்கள் அனைத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் மழலையர் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் அப்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். பிள்ளைகள் பிரெஞ்சை வெகு நன்றாக விளங்கிக்கொண்டனர், பாட அறிவு குறையவில்லை, ஆங்கிலமும் கெடவில்லை. இம்முறை கனடாவெங்கும் பரவிய பின்னர், பேச்சிலும் எழுத்திலும் மட்டும் சில இலக்கணப் பிழைகள் எத்தனை ஆண்டானாலும் நீங்காமல் நின்றதை மெரில் ஸ்வெயின் என்னும் அம்மையார் 1985இல் எடுத்துக்காட்டினார். கேட்டு விளங்குவதற்கு எல்லா உருபுகளையும் கவனிக்கவேண்டியதில்லை. தாமே பேசி, எழுதி, பிறருக்கு விளங்கவைக்க முற்படும்போதுதான் எங்கே இடறுகிறோம் என்பது தெரிகிறது என்று அவர் வாதிட்டார். ரிச்சர்ட் ஷ்மிட் என்னும் அமெரிக்க அறிஞரும் பிரேசில் நாட்டில் தாமே போர்த்துகீசியம் கற்று, நாட்குறிப்பு எழுதிவைத்து ஆராய்ந்து, காதில் விழுவது எல்லாம் படிவதில்லை, கவனத்தில் பட்டதே படிகிறது என்னும் முடிவுக்கு வந்தார். எனவே இலக்கணத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடவும் முடியாது. பொருளில் மூழ்கியுள்ள பிள்ளையை இடையிடையே தட்டி, இதோ இந்த உருபைப் பார் என்று காட்டும் ஆசிரியரே வேண்டும் என்னும் பக்கம் இன்றைய ஆய்வாளர் பலர் சாய்கின்றனர். நமக்கும் அதுவே நேரிய வழியாகத் தோன்றுகிறது.

நம் மறைப்பணியாளர்கள் நினைவுக்கு வருகின்றனர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஒன்றும் பேச்சுத் தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். வெளிநாட்டுக் குருக்கள் அவற்றைக் கொண்டு தமிழ் பயின்றனர். இலக்கணம் அவர்களுக்குப் பயன்பட்டது. ஏனெனில் நூலை மூடிவிட்டு வெளியே வந்தால் சந்தையும் தெருவும் முழுக்கத் தமிழாகவே இருந்தன. இலக்கணம் எலும்பைத் தந்தது. தெரு சதையைத் தந்தது. கடலூர்ச் சிறுவனுக்கு ஆங்கிலத் தெரு எங்கே? அந்தத் தெருவை வகுப்பறைக்குள் உண்டாக்கித் தரவே பிரபு முயன்றார் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

வீட்டில் நடப்பது

இனிப் பெற்றோரிடம் சில சொல்லவேண்டும். பிள்ளை "ஈட்டட்" என்று சொன்னால் வீடே சிரிக்கிறது. சிரிக்கத்தக்கது அதில் ஒன்றுமில்லை. பிட் கார்டர் என்னும் அறிஞர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் எந்த விதி உருவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் சான்றுகள் என்று விளக்கினார். "ஈட்டட்" என்பதை அப்பிள்ளைக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறந்தகால உருபைத் தானே கண்டுபிடித்து, அது செல்லாத இடத்திலும் ஒட்டிப் பார்த்திருக்கிறது. அது சோம்பலின் அடையாளமா, உழைப்பின் அடையாளமா? விருந்தினர் முன்னிலையில் பிள்ளையை நிறுத்தி ஆங்கிலம் பேசச் சொல்லிப் பிழைக்குத் தலையில் குட்டுவது, மொழியை விட்டு அவனைத் துரத்தும் விரைவான வழி.

சிறு வயதிலேயே தொடங்காவிட்டால் வராது என்று அஞ்சி, பால்மணம் மாறாத குழந்தையை ஆங்கில மழலையர் பள்ளிக்கு அனுப்புகின்றனர். நெதர்லாந்தில் ஆங்கிலேயக் குடும்பத்தினர் டச்சு மொழி கற்றதை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டில் விரைந்து கற்றவர்கள் 12 முதல் 15 வயதினரே. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மற்றவர்களுக்குப் பின்னே நின்றனர். ஒலிப்பில் இளையோருக்கு நாளடைவில் மேன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் உள்ள பிள்ளைக்குக் காலம் கடந்துவிட்டது என்று கைவிடுவதற்குச் சான்று இல்லை.

இவற்றினும் பெரிதாக நம்மை வருத்துவது ஒன்று உண்டு. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று நம்பி, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசும் பெற்றோர் பெருகிவருகின்றனர். "கம், சிட், ஈட், டோன்ட் டச்" என்னும் நான்கைந்து கட்டளைகளுக்குள் ஒரு தாயின் பேச்சு அடங்கிவிடுகிறது. தன் தாயின் ஊர்க்கதையையும், மீன் குழம்பு ஏன் மறுநாள் சுவைக்கிறது என்பதையும், சித்தப்பா ஏன் கோபித்துக்கொண்டார் என்பதையும் அவள் எந்த மொழியில் சொல்வாள்? செயின்ட் லாம்பர்ட்டைச் சான்று காட்டி, அங்கே பிறமொழியில் படித்தும் நன்மையே விளைந்தது என்பார்கள். அப்பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம் குறைவின்றி ஓங்கி நின்றது. நாட்டிலும் அதற்கு மதிப்பு இருந்தது. அங்கே ஒரு மொழியோடு மற்றொன்று கூடியது. ஒரு மொழி தேய்ந்து அதனிடத்தில் மற்றொன்று வருவதை லாம்பர்ட்டே வேறாகப் பிரித்துக் கூறினார். கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்தும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு மொழியில் ஆழமாக விளங்கிக்கொண்ட பொருள் மற்ற மொழிக்கும் உதவும். காரணகாரியத் தொடர்பைத் தாய்மொழியில் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு இரண்டாம் மொழியில் புதிதாகத் தேவைப்படுவது சொற்களும் அமைப்புமே.

பெங்களூர்த் திட்டத்தின் இரயில் பணியை மீண்டும் நோக்குங்கள். 9.25க்கு வந்தவர் 9.22 வண்டியைப் பிடிக்க முடியாது என்னும் அறிவு அப்பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது? வீட்டில், தமிழிலோ கன்னடத்திலோ பேசிச் சண்டையிட்டுக் கணக்குப் பார்த்து வளர்ந்த அறிவு அது. அந்த மூலதனத்தை வைத்தே அத்திட்டம் வாணிகம் செய்தது. வீட்டு மொழியை வறளவிட்ட பிள்ளையிடம் அப்பணியைக் கொடுத்திருந்தால் எந்த முறையும் பயன் தந்திராது.

பிரபு தம் அனுபவங்களை 1987இல் நூலாக வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து எழுதிய கட்டுரையொன்றில், எல்லாருக்கும் ஏற்ற சிறந்த முறை எது என்று தேடுவதையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். தன் கற்பித்தலால் இந்தப் பிள்ளைக்குள் கற்றல் எப்படி நிகழ்கிறது என்பது பற்றி ஆசிரியருக்கு உயிருள்ள ஓர் எண்ணம் இருக்கிறதா என்பதே அவர் வற்புறுத்தியது. ஒரு முறையைக் கண்டவரே, என் முறையைப் பின்பற்றுங்கள் என்று கூறாதது நம் மதிப்பை உயர்த்துகிறது.

பள்ளி முறைகள் மாறும்வரை காத்திருக்க முடியாத பங்குகள் பலவற்றில் மாலை நேரப் படிப்பு நடைபெறுகிறது. அங்குப் பொறுப்பேற்கும் கல்லூரி மாணவ மாணவியர், பள்ளிப் பாடத்தையே மீண்டும் ஒப்பிக்கவைத்து நேரத்தைப் போக்கவேண்டியதில்லை. அந்நூலில் பணிகளின் மாதிரிகளும், வகுப்பில் நடந்த உரையாடல்களும் பிற்சேர்க்கையாகத் தரப்பட்டுள்ளன. நூல் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியை இறக்கி நடுவில் வைத்துக்கொண்டு, திருவிழாக் கொடியேற்றம் எந்தக் கிழமை, அதற்கு இன்னும் எத்தனை நாள், அன்று பள்ளி உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். விடை "ஃப்ரைடே" என்று ஒரே சொல்லில் வந்தால் ஏற்றுக்கொண்டு, அதனை முழு வாக்கியமாகத் தாம் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகலாம்.